டிரைவர் சொன்னார்

பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

இங்கே நானும் வீட்டம்மாவும் சுகம். என் இடுப்பு மட்டும் மழை வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையும் மகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் பக்கம் நாலு காது, என் பக்கம் ரெண்டு காது. இது தொழில் விஷயம், நமக்குள் இருக்கட்டும்.

பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ‘முதுகு பத்திரம்’ என்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் ஆரம்பித்து, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்தச் செருப்பு நல்லது, எந்தக் கண்ணாடி நல்லது என்று எழுதி வருகிறேன். உங்கள் பட்டறை சீட் குஷனைப் பற்றி எழுதி, அதன் கீழே ஒரு லிங்க் போடச் சொல்கிறார் மாப்பிள்ளை. அதை அழுத்தி வந்து யார் வாங்கினாலும் எனக்குக் கமிஷனாம்.

எழுதிவிட்டேன், லிங்கும் போட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. பஸ்ஸில் ஏறினவர் கையில் டிக்கெட் இருக்கும். இதில் யார் நான் சொல்லி வந்தவர், யார் தானாக வந்தவர் என்று எப்படித் தெரியும்? பெண்ணைக் கொடுத்த இடத்தில் கணக்குக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? கேட்காமலும் இருக்க முடியவில்லை.

காசு எனக்குப் பெரிசில்லை. நான் எழுதுவதை நாலு பேராவது நம்புகிறார்களா என்று தெரிய வேண்டும். “உங்க பேச்சை உங்க வண்டி ஹாரன்கூட கேட்டதில்ல” என்கிறாள் வீட்டம்மா.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 2

மதிப்புக்குரிய சம்பந்திக்கு வணக்கம்.

எல்லோரும் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் பட்டறைக்குள் வந்து போகிறவர் எவர் மேலும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். தெருவில் பார்த்தாலே எங்கே போய்விட்டு வருகிறார் என்று தெரிந்துவிடும். லிங்கும் அப்படித்தானாம். அதை அழுத்தி வருகிறவரிடம் ஓர் அடையாளம் ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதத்துக்குள் அவர் வாங்கினால் அது உங்கள் பெயரில் ஏறிவிடும். நீங்கள் மட்டும் உங்கள் லிங்கை அழுத்தவே கூடாது, கணக்கு குழம்பிவிடும் என்கிறான் என் பையன்.

பிப்ரவரி மாதம் உங்கள் மூலம் விற்றது பதினொரு குஷன். கமிஷன் அனுப்பியிருக்கிறேன். மருமகளிடம் சொன்னேன், அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கு முழுக்க வீட்டில் பாட்டுத்தான்.

இனி மாதாமாதம் நானே எழுதி அனுப்புகிறேன். என் பையனைக் கேட்டுத் தொந்தரவு பண்ண வேண்டாம், அவனுக்கு வேலை அதிகம்.

சம்பந்தியம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பட்டறை சம்பந்தி


மார்ச் 9

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகம், சுகம், ரொம்ப சுகம்!

பதினொன்று! கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பஸ் ஓட்டின காலத்தில் ஐம்பது பேர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். அவர்கள் நம்பியது என்னையா, வண்டியையா, கடவுளையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பதினொரு பேர் என் பேச்சை நம்பி இருக்கிறார்கள். அது போதும்.

வீட்டம்மாவும் மாறிவிட்டாள். நான் எழுத உட்கார்ந்தால் டிவி சத்தத்தைக் குறைக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நடக்காத அதிசயம் இது.

லிங்கைத் தொடவே இல்லை. தொடவும் மாட்டேன். சிவப்பு விளக்கு என்றால் சிவப்பு விளக்குத்தான்.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மாப்பிள்ளைக்கு ஆசி.

இப்படிக்கு,
பதினொரு பேரின் டிரைவர்


ஏப்ரல் 3

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

நலம். உங்கள் இடுப்பு சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

மார்ச் மாதம் பதினாறு. கமிஷன் வந்து சேரும்.

தையல் மெஷின் ஒன்று மக்கர் பண்ணுகிறது, வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் அதிகம் எழுதவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். மருமகள் நலம்.

இப்படிக்கு,
பட்டறை சம்பந்தி


ஏப்ரல் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கும். தையல் மெஷினின் உடம்பு தேறிவிட்டதா?

ஒரு நல்ல செய்தி. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். டிரைவிங் ஸ்கூல் வேலையை விடப்போகிறேன். பதினொன்று பதினாறாகியிருக்கிறது. முழு நேரமும் உட்கார்ந்து எழுதினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஓனரிடம் “அடுத்த மாசத்தோட முடிச்சிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “இந்த வயசுல என்ன சார் புதுசா?” என்றார். “இந்த வயசுலதான் சார் நம்ம பேச்சுக்கு மதிப்பு வந்திருக்கு” என்றேன்.

வீட்டு வாடகை, மருந்துச் செலவு எல்லாம் இனி இதில்தான். கணக்கு உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் இறங்குகிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஏப்ரல் 13

சம்பந்திக்கு,

எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன்.

அவசரப்படாதீர்கள். ஸ்கூல் வேலையை விடாதீர்கள். மாதச் சம்பளம் மாதச் சம்பளம்தான். குஷன் இன்று விற்கும், நாளை விற்காது. இரண்டு மாதக் கணக்கை வைத்து எதையும் முடிவு பண்ணக் கூடாது. ஓனரிடம் போய் மனசு மாறிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

காரணம் கேட்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை சம்பந்தி


ஏப்ரல் 29

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சுகம்தான்.

உங்கள் கடிதம் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். ‘மனுஷன் வளர்ந்துவிடுவான், கமிஷன் ஏறிவிடும் என்று பயப்படுகிறார்கள், பதினாறு என்று எழுதியது ஒருவேளை முப்பதாக இருக்குமோ’ என்றெல்லாம் புத்தி போனது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. வீட்டம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மகளுக்குப் போகும், மகளிடமிருந்து மாப்பிள்ளைக்குப் போகும். ஒரு குஷனுக்காக இரண்டு குடும்பம் முகம் திருப்பிக்கொள்ள வேண்டுமா?

முந்தாநாள் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்ளும் ஒரு பாங்க் அம்மா, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்: “சார், உங்க பக்கத்துல குஷன் வாங்கலாம்னு அழுத்தினேன். உங்க பொண்ணு கல்யாணப் போட்டோவா வருது. பொண்ணு லட்சணமா இருக்கா. குஷன் எங்க சார்?”

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அன்றைக்கு மாப்பிள்ளை எனக்கு அனுப்பியது இரண்டு லிங்க். ஒன்று கல்யாண ஆல்பம், இன்னொன்று குஷன். நான் எடுத்து ஒட்டியிருப்பது ஆல்பம். என் லிங்கை நான் தொடக் கூடாது என்றீர்களே, பக்தியோடு அதைத் தொடாமலே இருந்திருக்கிறேன்.

ஆக, மூன்று மாதமாக என் பக்கத்திலிருந்து உங்கள் கடைக்குப் போக வழியே கிடையாது.

சம்பந்தியம்மா, கல்யாண ஆல்பத்துக்குள் நுழைந்து பதினொரு பேர் குஷன் வாங்கினது எப்படி? அடுத்த மாதம் பதினாறு பேர் வாங்கினது எப்படி?

பதில் எதிர்பார்க்கும்,
சம்பந்தி


மே 20

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

உடம்பு நலம், மனசு நலமில்லை. நாலு தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி கடைசியில் என் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “அம்மா, மாமா மூலமா ஒண்ணுகூட போகல” என்றான். அவனும் உங்கள் கட்டுரையைப் படித்தானே தவிர லிங்கை அழுத்திப் பார்க்கவில்லை. வீட்டு ஆள் அழுத்தினால் கணக்கு கெடும் என்று அவனும் பக்தியோடு விட்டுவிட்டான். சேர்ந்தார்களே மாமனும் மருமகனும்!

அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “அத்தை, எங்க அப்பாவுக்கு எத்தனை?” என்று கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு ஒன்றுமில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. பதினொன்று என்றேன். ஏன் பதினொன்று என்று கேட்காதீர்கள், வாயில் வந்தது. பையனை ஒரு முறை முறைத்தேன், அவன் வாயை மூடிக்கொண்டான். அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுத வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் குறைத்துச் சொன்னால் அவள் வாடிவிடுவாள் என்று ஏற்றிச் சொன்னேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று.

சம்பந்திக்குக் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தேன். உங்கள் வேலைக்கே உலை வைத்துவிட்டேன். ஓனர் வேறு ஆளைப் போட்டுவிட்டாரா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

மருமகளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் ஆல்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் போல மூன்று பங்கு பேர் அதைப் பார்த்திருக்கிறார்களாம். உங்கள் பேச்சைக் கேட்டு அழுத்தினவர்கள்தானே அத்தனை பேரும்? இதில் நான் எதையும் கூட்டவில்லை, சத்தியம்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
பட்டறை சம்பந்தி


மே 27

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகம். நீங்களும் தலையை நிமிர்த்துங்கள், கழுத்துக்கு ஆகாது.

ஓனரிடம் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, “நீங்க போறேன்னு சொன்னப்பவும் நான் யாரையும் தேடல சார்” என்றார். அந்த மனுஷனுக்கு என்னைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது நான் சொல்லும் பொய்யாகிவிடும். வருத்தம்தான். பதினொரு பேர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேனே! ஆனால் என் பெண்ணின் முகம் வாடக் கூடாது என்று ஒருத்தி பொய் சொன்னாள் என்றால், அந்த வீட்டில் என் பெண் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவனுக்கு அது பெரிய விஷயம். அந்தக் கணக்கில் மீதி வருத்தம் கழிந்தது.

இனி நம் ஏற்பாடு. லிங்கைச் சரியாகப் போட்டுவிட்டேன். நீங்கள் பார்க்கிற கணக்கை நானும் என் போனில் நேராகப் பார்க்கிற மாதிரி மாப்பிள்ளை திறந்துவிடட்டும். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். வண்டியை ரோட்டில் விடுமுன் ஓட்டிப் பார்ப்பது போல இதையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். அந்த பாங்க் அம்மாவையே வாங்கச் சொல்கிறேன், ஏறுகிறதா பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய கமிஷனைத் திருப்பினால் சண்டைக்கு வருவீர்கள். அந்தப் பணத்துக்கு ஸ்கூல் வண்டிகளுக்கெல்லாம் குஷன் வாங்குகிறேன். தயவுசெய்து அதை என் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள்!

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூலை 4

மதிப்புக்குரிய சம்பந்திக்கு,

எல்லோரும் நலம். உங்கள் மகள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

பாங்க் அம்மா வாங்கினார், கணக்கில் ஏறவில்லை! எனக்கு வியர்த்துவிட்டது. பிறகுதான் என் பையன் விசாரித்துச் சொன்னான். அவர் லிங்கை அழுத்தியது போனில், வாங்கியது பாங்க் கம்ப்யூட்டரில். பஞ்சு ஒரு சட்டையில் ஒட்டியது, அவர் வேறு சட்டையில் வந்தார். இப்படி நழுவுகிறதை மெஷினால் பிடிக்க முடியாது என்று அவனே ஒப்புக்கொண்டான். நம்மால் முடியும் என்றேன் நான். வாங்குகிற ஒவ்வொருவரையும், “யார் சொல்லி வந்தீங்க?” என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். போனில் ஆர்டர் கொடுப்பவர்களையும்தான். “டிரைவர் சொன்னார்” என்றால் அது உங்கள் பெயரில் ஏறும். மெஷின் பிடித்தது ஒரு பக்கம், வாயால் சொன்னது இன்னொரு பக்கம், இரண்டும் உங்கள் போனில் தெரியும்.

ஜூன் மாதம் ஏழு. நீங்களே பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் என் கையால் எழுத ஆசை.

இத்துடன் புது முதுகு குஷன் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஐந்து மாதம் மண்டையை உடைத்து நானே வெட்டித் தைத்த புது டிசைன் அது. உங்களுக்குப் பிடிக்கும். பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை சம்பந்தி


ஆகஸ்ட் 31

சம்பந்திக்கு,

நலம்.

ஆகஸ்ட் மாதம் உங்கள் மூலம் விற்பனை சைபர். மெஷின் பக்கமும் சைபர், வாய்ப் பக்கமும் சைபர்.

முதுகு குஷனைப் பற்றி ஜூலை கடைசியில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். மருமகள்தான் படித்துக் காட்டினாள், நடுவில் இரண்டு தரம் தண்ணீர் குடிக்கப் போனாள். ‘பஞ்சு நன்று, தையல் நன்று, ஆனால் சீட்டோடு கட்டுகிற பட்டை வழுக்குகிறது. பிரேக் போட்டால் குஷன் கீழே இறங்கிவிடுகிறது. நம் சம்பந்தி வீட்டுச் சரக்குத்தான், இருந்தாலும் இப்போது வாங்காதீர்கள், பொறுங்கள்.’ இப்படி எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

பழைய குஷன்கூட ஒன்றும் போகவில்லை. முதுகு குஷனுக்கு முன்பணம் கட்டின ஒன்பது பேர் வேண்டாம் என்று போன் பண்ணிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில். “டிரைவர் சொன்னார்.”

கோபத்தில் பேனாவை எடுத்தேன். வாய்ப் பக்கம் மூன்று என்று எழுதிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் கை தயங்கியது, பழக்க தோஷம். எழுதவில்லை.

இப்படிக்கு,
பட்டறை சம்பந்தி


செப்டம்பர் 5

என் அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கோபம் சுகம்தானா?

முன்கூட்டி எழுதாதது தப்புத்தான். எழுதினால் நீங்கள் வருத்தப்படுவீர்கள், நீங்கள் வருத்தப்பட்டால் நான் ஒரு வரியைக் குறைப்பேன், குறைத்தால் எவனோ ஒருவன் மலைப்பாதையில் பிரேக் போடும்போது இடுப்பு பிடித்துக்கொள்வான். பயந்துகொண்டேதான் போட்டேன். போட்ட பிறகு போனைத் திறந்து கணக்கைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. உங்கள் கடிதத்தில்தான் முதலில் தெரிந்துகொண்டேன்.

சைபர்! சம்பந்தியம்மா, உங்களுக்குப் புரிகிறதா? வாங்குங்கள் என்று நான் சொல்லி ஏழு பேர் வாங்கினார்கள். அவர்கள் குஷன் நன்றாக இருந்ததால் வாங்கியிருக்கலாம், விலை ஒத்துவந்ததால் வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்றேன், ஒருவர்கூட வாங்கவில்லை, கட்டின பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள். அது என் பேச்சுக்காக மட்டும்தான். நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது இது ஒன்றுதான். நீங்கள் மூன்று என்று எழுதியிருந்தால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும்.

உங்களுக்கு நஷ்டம், எனக்குச் சந்தோஷம். சம்பந்திகள் என்றால் அப்படித்தானே!

பட்டையின் உள்பக்கம் சொரசொரப்பான துணி வைத்துத் தைத்துப் பாருங்கள். தைத்ததும் ஒன்று அனுப்புங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன். நன்றாக இருந்தால் அந்த ஒன்பது பேரையும் நானே உங்களிடம் திருப்பி அனுப்புகிறேன். நன்றாக இல்லையென்றால் திரும்பவும் சைபர்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
டிரைவர்